மேல்மாடிக்கு வைஃபை: ரவுட்டர் வாங்குவதற்கு முன்னும் பின்னும்

கீழே ஹாலில் 200 எம்பிபிஎஸ் பிளான் முழுசாக வருகிறது. ஒரு மாடி ஏறினால் வாட்ஸ்அப் கால் வெட்டி வெட்டிக் கேட்கிறது. இரண்டாவது மாடியில் கோடு தெரிந்தாலும் ஒரு பக்கம்கூடத் திறப்பதில்லை. இதற்குப் பலரும் செய்யும் வைத்தியம், நான்கு ஆன்டெனா ரவுட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆறு ஆன்டெனா ரவுட்டர் வாங்குவது. காசுதான் போகும். தமிழ்நாட்டுத் தனி வீடுகளில் சிக்னலைத் தடுப்பது தலைக்கு மேல் இருக்கும் கான்கிரீட் தளம். ரவுட்டரை மாற்றினாலும் தளம் அதே தளம்தான். ஒரு லேன் கேபிளை (ரவுட்டரின் பின்னால் செருகும் நெட் ஒயர்) மேலே ஏற்றிவிட்டால் அங்கே எந்தச் சாதாரண ரவுட்டரும் போதும். கேபிள் ஏற்ற வழியே இல்லாத வீடுகளுக்கும் மாற்று உண்டு, ஆனால் அது இரண்டாம் பட்சம்.

முதலில் அளந்து பாருங்கள்

ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் வகை செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். ஐபோனில் ஆப்பிளின் ஏர்போர்ட் யூட்டிலிட்டி செயலியை நிறுவி, செட்டிங்ஸில் அதன் வைஃபை ஸ்கேனரை ஆன் செய்தால் அதே விவரம் கிடைக்கும். அதில் சிக்னலின் பலத்தைக் காட்டும் ‘டிபிஎம்’ என்ற மைனஸ் எண் ஒன்று வரும். பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. ரவுட்டர் அருகில் மைனஸ் 40 இருக்கும். மைனஸ் 67 வரை வீடியோ கால் தடையில்லாமல் போகும். மைனஸ் 75-இல் வாட்ஸ்அப் செய்தி மட்டும் நகரும். மைனஸ் 80-ஐத் தாண்டினால் இருந்தும் இல்லாத கதை. இந்தக் கணக்கில் 3 குறைந்தால் சக்தி பாதி, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு.

ஒவ்வொரு மாடியிலும் நீங்கள் உண்மையில் உட்காரும் இடத்தில் நின்று இரண்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்: டிபிஎம், ஸ்பீடு டெஸ்ட். ரவுட்டர் பக்கத்திலேயே வேகம் இல்லையென்றால் கோளாறு லைனில் அல்லது பெட்டியில். மாடியைக் குறை சொல்லிப் பயனில்லை. மாடியில் சிக்னல் மைனஸ் 60 காட்டியும் வேகம் இல்லையென்றால் பெரும்பாலும் பக்கத்து வீடுகளின் வைஃபையோடு சேனல் (ஒவ்வொரு வைஃபையும் பேசும் அலைவரிசைத் துண்டு) மோதுகிறது. சிக்னலும் இல்லை, வேகமும் இல்லை என்றால்தான் இந்தக் கட்டுரை உங்களுக்கு.

தளம் என்ன செய்கிறது

கூரைத் தளம் சாதாரணமாக 5 முதல் 6 அங்குலக் கனம். உள்ளே கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக, ஏறக்குறைய 6 அங்குல இடைவெளியில் கட்டப்பட்டிருக்கும். கான்கிரீட்டும் இந்தக் கம்பி வலையும் சேர்ந்து அலையின் பெரும்பகுதியை விழுங்கியும் திருப்பியும் விடுகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை ஓரளவு நுழையும். வேகம் தரும் 5 கிகாஹெர்ட்ஸ் அலை ஒரு தளத்தில் தளர்ந்து, இரண்டாவது தளத்தில் நின்றேவிடும். அதனால்தான் போன் மாடிக்குப் போனதும் சொல்லாமல் கொள்ளாமல் 2.4-க்கு இறங்குகிறது, வேகமும் கூடவே இறங்குகிறது.

நம் ஊரில் இன்னொரு சிக்கல், படிக்கட்டு. வீட்டுக்குள்ளேயே படி இருந்தால் அந்தத் திறப்பு வழியாகக் கொஞ்சம் சிக்னல் மேலே ஏறும். மாடியை வாடகைக்கு விடும் எண்ணத்தில் படியை வெளியே வைத்துக் கட்டிய வீடுகளில் அந்த வழியும் அடைபட்டுவிடும். அங்கே மேலே போகும் சிக்னல் பெரும்பாலும் ஜன்னல் வழியாக வெளியேறி, எதிர்ச் சுவரில் பட்டு, மேல் ஜன்னல் வழியாக உள்ளே வருவதுதான்.

‘ஹை பவர்’ என்று எழுதிய ரவுட்டர் ஏன் உதவாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். வைஃபை இருவழிப் பேச்சு. ரவுட்டர் உரக்கக் கத்தினால் போனுக்குக் கேட்கும். ஆனால் கையளவு போன் திருப்பிச் சொல்லும் மெல்லிய பதில் தளத்தைத் தாண்டி ரவுட்டருக்குப் போய்ச் சேராது. மூன்று கோடு முழுசாக இருந்தும் எதுவும் திறக்காத மர்மம் பல வீடுகளில் இதுதான்.

காசில்லாமல் ஆகிற வேலை

புது இணைப்பு எடுப்பவர்கள், ஆள் வரும் அன்றே வீட்டில் இருங்கள். ஃபைபர் இழுப்பவர் வாசல் பக்கம் முதலில் கண்ணில் படும் ஜன்னலில் ஓட்டை போட்டு, செருப்பு ஸ்டாண்டுக்கு மேல் பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுவார். கீழ்த்தளம், முதல் மாடி, இரண்டாம் மாடி என்று மூன்று தளம் உள்ள வீட்டில் பெட்டியை முதல் மாடி நடு ஹாலில் வைக்கச் சொல்லுங்கள். மேலும் ஒரு தளம், கீழும் ஒரு தளம்தான் தாண்ட வேண்டியிருக்கும். ஃபைபருக்குப் பத்து மீட்டர் கூடுதல் தூரம் ஒரு பொருட்டே இல்லை. ஃபைபரை மட்டும் 3 செ.மீ. ஆரத்துக்குக் குறைவாக மடிக்கக் கூடாது. ஆணி அடித்து நசுக்கவும் கூடாது. பெட்டியில் ‘எல்ஓஎஸ்’ விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபரில் சிக்னல் வரவில்லை என்று அர்த்தம்; முதலில் பார்க்க வேண்டியது எங்காவது மடங்கியிருக்கிறதா என்பதை.

இருக்கும் பெட்டியையும் ஒருமுறை பாருங்கள். பரணில் பித்தளை அண்டாவுக்குப் பின்னால், டிவிக்குப் பின்னால், பீரோ பக்கத்தில், ஃபிரிட்ஜ் தலையில் என்று ஒளித்து வைத்திருந்தால் வெளியே எடுங்கள். உலோகமும் தண்ணீரும் அலைக்கு ஆகாது. ஆளுயரத்தில், திறந்த இடத்தில், படிக்கட்டு அல்லது மேல் ஜன்னலை நோக்கிய பக்கத்தில் வையுங்கள். செங்குத்தாக நிற்கும் ஆன்டெனா தன்னைச் சுற்றிப் பக்கவாட்டில் அலையைப் பரப்பும்; தலைக்கு நேர் மேலே குறைவாகத்தான் போகும். வடையின் நடு ஓட்டையை நினைத்துக்கொள்ளுங்கள், ஆன்டெனா அந்த ஓட்டையில் நிற்கிறது. ஒரு ஆன்டெனாவை மட்டும் படுக்கவைத்தால் மேல்பக்கத்துக்குக் கொஞ்சம் கிடைக்கும். இந்த வேலைகளிலேயே ஒரு மாடிப் பிரச்சினை தீர்ந்துவிடும் வீடுகள் உண்டு. மறுபடி அளந்து பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

ரவுட்டர் தேர்வு

பிஎஸ்என்எல், ஜியோ, ஏர்டெல் எதுவானாலும் ஃபைபர் வந்து சேரும் பெட்டிக்குப் பெயர் ஓஎன்டி. எல்லோரும் மோடம் என்றுதான் சொல்கிறோம். அது கம்பெனியின் கணக்கில் பதிவான பெட்டி. அதைக் கழற்றிவிட்டுக் கடையில் வாங்கிய ரவுட்டரை அந்த இடத்தில் வைக்க முடியாது. நீங்கள் வாங்கும் ரவுட்டர் அதன் லேன் போர்ட்டிலிருந்து கேபிள் வழியாக இணைய வேண்டியது. ஆகவே கடையில் ‘வைஃபை ரவுட்டர்’ என்று கேளுங்கள். டெலிபோன் கம்பி செருகும் ஏடிஎஸ்எல் வகையை மலிவு என்று தலையில் கட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட எண்ணை நம்பிவிடாதீர்கள். ஏசி என்பது வைஃபை 5, ஏஎக்ஸ் என்பது வைஃபை 6. ஏசி 1200 என்றால் 2.4-இல் 300, 5-இல் 867 என்று கூட்டிய தொகை. ஏஎக்ஸ் 1500 என்றால் 300-உம் 1201-உம். ஏஎக்ஸ் 3000 என்றால் 574-உம் 2402-உம். ஒரு போன் ஒரு நேரத்தில் பெரும்பாலும் ஒரு பேண்டில்தான், அதாவது 2.4 அல்லது 5 அலைவரிசையில்தான், பேசும், அதிலும் கைக்கு வருவது எழுதியதில் பாதியோ சற்று கூடவோதான். பார்க்க வேண்டியது பெட்டியின் பின்பக்கச் சின்ன எழுத்து: போர்ட்டுகள் ‘10/100’ என்று இருந்தால் வைஃபை எவ்வளவு வேகமானாலும் 95 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் ஒரு சொட்டு வராது. மலிவான ஏசி 1200 மாடல்கள் பலவற்றில் இந்தப் போர்ட்தான். ‘கிகாபிட்’ அல்லது ‘10/100/1000’ என்று இருக்க வேண்டும்.

300 எம்பிபிஎஸ் வரையிலான பிளானுக்கு வைஃபை 6-இல் ஏஎக்ஸ் 1500 தாராளம். அதற்கு மேல் போனால் ஏஎக்ஸ் 3000. மாடிப் பிரச்சினைக்காக வைஃபை 7-க்குப் போக வேண்டாம். அதில் கூடுதலாக வரும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை கான்கிரீட்டில் 5-ஐவிட மோசமாகத் தேயும். பின்னால் இன்னொரு பெட்டி சேர்க்கும் எண்ணம் இருந்தால், முதல் ரவுட்டரிலேயே மெஷ் வசதி (பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்குவது) இருக்கிறதா, எந்த மெஷ் என்று பார்த்து வாங்குங்கள். ஒரே கம்பெனியின் இரண்டு மாடல் என்பதற்காக அவை ஒன்றோடொன்று சேர்ந்துவிடும் என்று அர்த்தமில்லை.

கேபிளை மேலே ஏற்றுவது

ஒரு தளத்துக்கு 3 மீட்டர், பக்கவாட்டுத் தூரம், இரு முனையிலும் ஆளுக்கு 2 மீட்டர் உபரி என்று கூட்டினால் பெரும்பாலான வீடுகளுக்கு 15 முதல் 25 மீட்டர் வரும். லேன் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். கேட்-5இ போதும், கடையில் சுலபமாகக் கிடைப்பது கேட்-6, அதையே வாங்குங்கள். சுத்தச் செம்பா என்று கேட்காமல் வாங்காதீர்கள். அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசிய கேபிள் பாதி விலைக்கு வரும். பிளேடால் ஒரு கம்பியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். நான்கு முறை மடக்கினால் முறிந்துவிடும். வெளிச்சுவரில் ஓட்டுவதாக இருந்தால் வெயில் தாங்கும் கறுப்பு உறை அவுட்டோர் கேபிள் வேண்டும். உள்ளே ஓட்டும் சாம்பல் நிறக் கேபிள் சில கோடைகளில் வெடித்துப் பொடியும்.

வழி எது? பல வீடுகளில் அது ஏற்கெனவே சுவருக்குள் இருக்கிறது. மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்தோ கேபிள் டிவி லைனிலிருந்தோ கீழே ஹாலுக்கு வரும் தடித்த ஒயர் சுவருக்குள் ஒரு பைப்பில் போகிறது. அந்த டிவி ஒயர் இப்போது பயனில் இல்லையென்றால் அதையே இழுவைக் கயிறாக்கலாம். லேன் கேபிளின் நுனியில் 10 செ.மீ. உறையை உரித்து, உள்ளிருக்கும் கம்பிகளில் நான்கைந்தை டிவி ஒயரின் நடுச் செம்போடு முறுக்குங்கள். கட்டு தடிமனாகிவிடாமல், முன்னே மெலிந்து பின்னே தடித்துக் கூம்பாக வரும்படி இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். கூடவே ஒரு நைலான் கயிற்றையும் சேர்த்துக் கட்டிவிட்டால் நாளைக்கு இன்னொரு கேபிள் போட உதவும். மேலே ஒருவர் முகப் பவுடரைத் தடவித் தடவிக் கேபிளை உள்ளே தள்ள வேண்டும், கீழே ஒருவர் சீராக இழுக்க வேண்டும். சிக்கினால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். இந்தக் கேபிள் தாங்கும் இழுவிசை சுமார் 11 கிலோதான். அதற்கு மேல் போனால் உள்ளே முறுக்கு நீண்டு, வெளியே எதுவும் தெரியாமல் வேகம் கெடும். இரண்டடி பின்னுக்கு விட்டு, மறுபடி இழுங்கள். எல்போ திருப்பங்களில்தான் பெரும்பாலும் மாட்டும்.

டிவி பைப் இல்லையென்றால் பாத்ரூம் ஷாஃப்ட், மழைநீர்க் குழாய் ஓரம், ஏசி குழாய்க்குப் போட்ட ஓட்டை ஆகியவற்றைப் பாருங்கள். புது ஓட்டை போட்டே ஆக வேண்டுமென்றால் செங்கல் சுவரில் மட்டும். பீமையும் தூணையும் தொடாதீர்கள். கேபிள் முனையில் ‘பின்’ (ரவுட்டரில் செருகும் பிளாஸ்டிக் முனை) மாட்டாமல் நுழைத்துவிட்டு, அப்புறம் அதை வைத்துக் கருவியால் அழுத்தி கிரிம்ப் செய்தால் 10 மி.மீ. டிரில் பிட் போதும். ஓட்டை வெளிப்பக்கம் சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கட்டும். கேபிள் சுவருக்குள் நுழையும் முன் ஒரு தொங்கல் வளைவு விட்டால் மழைத் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், வீட்டுக்குள் வழியாது. மின்சார ஒயர் போகும் பைப்பில் மட்டும் லேன் கேபிளை நுழைக்க எலக்ட்ரீஷியன் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். இரைச்சல் ஒரு பக்கம் இருக்கட்டும், உறை உரசிப் போனால் 230 வோல்ட் உங்கள் ரவுட்டருக்கு வரும்.

பின் அடிப்பது பத்து நிமிட வேலை. கிளிப் கீழ்ப்பக்கம் இருக்க, இடமிருந்து வலம்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரு முனையிலும் இதே வரிசை. முறுக்கைப் பிரிப்பது 13 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிய வேண்டும்.

அடிக்கடி ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு ஆரஞ்சு, பச்சை இரண்டு ஜோடி மட்டும் போதும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி சரியாக உட்காராவிட்டாலும் இணையம் வரும், விளக்கும் எரியும், ஆனால் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கியிருக்கும். ஸ்பீடு டெஸ்ட் எப்போது பார்த்தாலும் 93, 94 என்று ஒரே இடத்தில் நின்றால் ரவுட்டரைத் திட்டாமல் பின்னை வெட்டிவிட்டு மறுபடி அடியுங்கள்.

மேலே வைக்கும் பெட்டி

புதிதாக வாங்க வேண்டியதில்லை. வீட்டில் கிடக்கும் பழைய ரவுட்டர், இரண்டு பேண்டும் கிகாபிட் போர்ட்டும் இருந்தால் போதும். செட்டிங்ஸில் ‘ஆக்சஸ் பாயின்ட் மோட்’ (கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்பும் வேலையை மட்டும் செய்வது) இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே பாதி வேலை முடிந்தது. இல்லையென்றால் இப்படிச் செய்யுங்கள்:

1. பழைய ரவுட்டரை ரீசெட் செய்து, லேப்டாப்பை அதன் லேன் போர்ட்டில் செருகி, அதன் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் போங்கள்.
2. அதன் லேன் ஐபி முகவரியை மாற்றுங்கள். கீழ்ப்பெட்டி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2. கீழ்ப்பெட்டி போன்களுக்குக் கொடுக்கும் எண்களுக்குள் 2 வருகிறதா என்று பார்த்து, வந்தால் அந்த வரம்பைத் தள்ளிவையுங்கள்.
3. போன்களுக்கு ஐபி முகவரி கொடுக்கும் டிஎச்சிபி-யை அணையுங்கள். முகவரி கொடுப்பவர் வீட்டுக்கு ஒருவர்தான். இதை மறந்தால் சில போனுக்கு நெட் வரும், சிலதுக்கு வராது.
4. வைஃபை பெயர், பாஸ்வேர்ட், பாதுகாப்பு வகை மூன்றும் கீழே இருப்பதுபோல் எழுத்துக்கு எழுத்து அப்படியே.
5. சேனல் மட்டும் வேறு. 2.4-இல் கீழே 1, முதல் மாடி 6, இரண்டாம் மாடி 11. அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 5-இல் கீழே 36, மேலே 149, அகலம் 80.
6. மேலே வந்த கேபிளை இதன் லேன் போர்ட்டில் செருகுங்கள். ‘வான்’ போர்ட்டில் (வெளி இணையத்துக்கான தனிப் போர்ட்) செருகினால் அது தனி வீடாகிவிடும். கீழே இருக்கும் பிரின்டர் மேலே தெரியாது.

இதைக் கீழ்ப்பெட்டிக்கு நேர் மேலே வைக்காமல் வீட்டின் மறுகோடிப் பக்கம் தள்ளி வைத்தால் இரண்டும் சேர்ந்து அதிக இடத்தை மூடும். போன் கீழ்த்தள வைஃபையையே விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டு மேலே வந்தால், கீழ்ப்பெட்டியின் 2.4 சக்தியை ‘மீடியம்’ ஆக்குங்கள். எதைப் பிடிப்பது என்பதைப் போன்தான் முடிவு செய்கிறது. பழையது பலவீனமாகத் தெரிந்தால்தான் அது புதியதைத் தேடும்.

கேபிளுக்கு வழியே இல்லையென்றால்

வாடகை வீடு, சுவரில் கை வைக்கக் கூடாது என்றால் மெஷ் பெட்டிகள் இரண்டு வாங்கலாம். எல்லோரும் செய்யும் பிழை, இரண்டாவது பெட்டியைச் சிக்னலே இல்லாத அறையில் கொண்டுபோய் வைப்பது. அதற்கே சிக்னல் இல்லாதபோது அது எதைப் பங்கு போடும்? மைனஸ் 60 முதல் 65 கிடைக்கும் இடத்தைத் தேடுங்கள். உள்படி வீட்டில் அது படித் திருப்பத்தின் மேடையாக இருக்கும். வெளிப்படி வீட்டில் கீழ் ஜன்னலுக்கு நேர் மேலே உள்ள ஜன்னல் ஓரம். சாதாரண இரண்டு-பேண்ட் மெஷ் கீழே பேசுவதற்கும் உங்கள் போனோடு பேசுவதற்கும் ஒரே ரேடியோவைப் பயன்படுத்துவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். கீழோடு பேசுவதற்கென்று தனி ரேடியோ உள்ள மூன்று-பேண்ட் வகை மேல், ஆனால் விலை கூட. பிளக்கில் செருகி, வைஃபையை வாங்கித் திருப்பி அனுப்பும் சின்ன ரிப்பீட்டருக்கும் இதே கணக்குத்தான். 2.4 மட்டும் உள்ள ரிப்பீட்டரை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

மின்சார ஒயர் வழியாகவே டேட்டா அனுப்பும் பவர்லைன் அடாப்டரும் உண்டு. மூன்று ஃபேஸ் வீட்டில் இரண்டு அடாப்டரும் வெவ்வேறு ஃபேஸில் மாட்டிக்கொண்டால் இணைப்பு தள்ளாடும். இன்வெர்ட்டர் லைன் குறுக்கே வந்தால் இன்னும் மோசம். ஸ்பைக் பஸ்டரில் செருகினால் அது டேட்டாவையும் இரைச்சல் என்று வடிகட்டிவிடும். திருப்பிக் கொடுக்கும் வசதியோடு வாங்க முடிந்தால் மட்டும் முயன்று பாருங்கள்.

கரண்டும் இடியும்

கரண்ட் போனால் ஓஎன்டி, ரவுட்டர், மேல்பெட்டி மூன்றுக்கும் உயிர் வேண்டும். ஒன்று அணைந்தாலும் மேலே நெட் இல்லை. மினி யுபிஎஸ் வாங்கும்போது அடாப்டரில் எழுதியுள்ள வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும், ஆம்பியர் அதற்குச் சமமாகவோ கூடவோ இருக்க வேண்டும். 12 வோல்ட் 1.5 ஆம்பியர் பெட்டிக்கு 12 வோல்ட் 1 ஆம்பியர் யுபிஎஸ் மாட்டினால் அமைதியாக இருக்கும்போது ஓடும், நான்கு பேர் வீடியோ பார்த்தால் ரீஸ்டார்ட் ஆகும். லேன் கேபிள் வழியாகவே மின்சாரம் ஏற்றும் பிஓஇ வகை ஆக்சஸ் பாயின்ட்டை மேலே வைத்தால் கீழே ஒரே இடத்தில் பேக்கப் கொடுத்தால் போதும். அதன் இன்ஜெக்டர் (கேபிளில் மின்சாரம் ஏற்றும் அடாப்டர்) 48 வோல்ட்டா 24 வோல்ட்டா என்பது பெட்டியோடு ஒத்துப்போக வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை இடி மழையில் வெளிச்சுவர் கேபிள்கள் வழியாக வரும் மின் அதிர்ச்சியில் லேன் போர்ட்டுகள் கருகுவது சகஜம். அடாப்டரை மட்டும் பிடுங்கிப் பயனில்லை, இடி தொடங்கும் முன்பே வெளியே போகும் லேன் கேபிளையும் இரு முனையிலும் கழற்றிவிடுங்கள். பக்கத்துக் கட்டடத்துக்கு இணைப்பு கொண்டுபோவதானால் செம்புக் கேபிள் வேண்டாம்; இரு பக்கமும் மீடியா கன்வெர்ட்டர் (லேன் கேபிளையும் ஃபைபரையும் இணைக்கும் பெட்டி) வைத்து, உலோகக் கம்பி இல்லாத ஃபைபர் இழுங்கள், அதில் மின்னல் ஏறாது.

மாடியில் குடியிருப்பவர்களோடு பகிர்ந்துகொள்வதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: ஆக்சஸ் பாயின்ட் மோடில் பல ரவுட்டர்களின் ‘கெஸ்ட்’ (விருந்தினருக்கான) வைஃபை பெயரளவில்தான் தனி, உங்கள் கேமராவும் பிரின்டரும் அவர்களுக்கும் தெரியும். கெஸ்ட்டில் சேர்ந்த போனிலிருந்து 192.168.1.1 திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால் பிரிவு இல்லை.

எல்லாம் முடிந்ததும் கேபிளின் இரு முனையிலும் எங்கிருந்து எங்கே போகிறது என்று எழுதி ஒட்டுங்கள். அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடிக்க வருபவர் ‘இது பழைய கேபிள் டிவி ஒயர்தானே’ என்று கட்டிங் பிளேயரை எடுப்பார்.